தலையணைக் கணக்கு

இதய அறுவைக்குச் செல்லும் ஆண்களின் மார்பை மழித்துவிடுவது அவருடைய வேலை. முன்பு சொந்தமாகச் சிறிய சலூன் வைத்திருந்தார். மருத்துவமனை நிரந்தரப் பணி கொடுத்தபின் கடையை மூடினார்; பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. வார்டில் எல்லாருக்கும் அவர் ‘சலூன் அண்ணன்’. கழுத்தடியிலிருந்து தொப்புள்வரை மழிக்கவேண்டும். காலிலிருந்து இரத்தக்குழாய் எடுப்பதாக இருந்தால் கணுக்கால்வரை. கீறல் விழுந்தால் கிருமி புகும் என்று கத்தியை நிறுத்திவிட்டு மெஷினைக் கொடுத்தார்கள். அவர் மறுபேச்சுப் பேசாமல் மெஷினை வாங்கிக்கொண்டார்.

அவர் மழித்துக்கொண்டிருக்கும்போதுதான் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்து நோயாளியை விசாரிப்பார். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? கால் வீங்குகிறதா? எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்? இதயம் தளர்ந்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். தலையணை கூடக்கூட நீரும் கூடுகிறது என்று பொருள். அந்த நிலையில் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து என்பதால் அறுவையைத் தள்ளிவைப்பார்கள். எந்தப் பதிலுக்குத் தேதி தள்ளிப்போகும் என்பது சலூன் அண்ணனுக்கு மனப்பாடம். அப்படித் தள்ளிப்போனவர்களுள் பலர் திரும்பி வரவில்லை என்பதும் தெரியும். அந்தக் கட்டில்களில் வேறு ஆட்கள் வந்து படுத்தார்கள். அவர் மழித்தார்.

பிறகு அவருடைய இதய வால்விலேயே கசிவு என்றார்கள். இதயம் வலுவிழந்துகொண்டே வருகிறது, இப்போது வால்வை மாற்றாவிட்டால் பிறகு மாற்றவே முடியாமற்போகும் என்றார்கள். “சரிங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். வீட்டில் சொன்னபோது, மனைவி தையல் இயந்திரத்தை நிறுத்தினாள்.

“சாப்பிட்டீங்களா?”

“இன்னும் இல்ல.”

அவள் எழுந்து தட்டை எடுத்துவைத்தாள்.

முதலில் இரண்டு தலையணை வைத்தார். பிறகு மூன்று. கடைசியில், கடையிலிருந்து வீட்டுக்கு எடுத்துவந்திருந்த சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே உறங்கத் தொடங்கினார். மனைவி அதன் காலடியில் பாய் விரித்தாள்.

“உங்களுக்குத் துணையா படுக்கிறேனா, இந்த நாற்காலிக்கா?” என்று ஒருநாள் கேட்டாள்.

“அதுகிட்டயே கேளு. உன்னைவிட அதுக்கு வாய் கம்மி.”

அறுவைக்காக மருத்துவமனையில் சேரக் கிளம்பும்முன் அவர் ஒன்றை மட்டும் சொல்லிவைத்தார். “அங்க வந்து வாயத் திறந்துடாத. தள்ளிப்போச்சுன்னா அவ்வளவுதான். எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்.” அதற்கு முந்தைய நாள் முழுவதும், வீக்கம் தெரியாதிருக்கக் கால்களை ஸ்டூல்மேல் தூக்கி வைத்திருந்தார்.

வார்டில் அவருடைய இடத்துக்கு வந்திருந்த ஆள் மழித்துவிட்டான்.

“குத்தம் கண்டுபிடிக்காதீங்கண்ணே, இப்பதான் பழகுறேன்.”

“ஓரத்துல விட்டுட்ட பாரு.”

டாக்டரம்மா வந்தார். “என்ன சலூன் அண்ணே, இன்னைக்கு நீங்க கட்டில்ல! தெரிஞ்ச ஆளு, சீக்கிரம் முடிச்சிடலாம். மாடி ஏறுறீங்களா?”

“தாராளமா.”

“கால் வீக்கம்?”

“நீங்களே பாருங்களேன்.”

பார்த்தார். “எத்தனை தலையணை?”

“ஒண்ணு.”

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். கட்டிலின் கால்மாட்டில் மனைவி நின்றிருந்தாள். அவளுக்குப் படபடப்பு எதுவும் இல்லை. தன் குரலைத் தானே தள்ளி நின்று கேட்பதுபோல் இருந்தது.

“தலையணையே கிடையாதுங்க. உக்காந்துதான் தூங்குறார்.”

“நீ சும்மா இரு.”

“சலூன் நாற்காலியில. படுத்தா மூச்சு முட்டுது.”

டாக்டரம்மா பேனாவை மூடினார். கட்டிலின் தலைப்பக்கத்தை முழுவதும் தாழ்த்தினார். “படுங்கண்ணே.”

படுத்தார். வாயை இறுக மூடிக்கொண்டார். மூக்கு விடைத்தது, கழுத்து நரம்பு புடைத்தது. இருமல் பீறிட்டது. எழுந்து உட்கார்ந்து, கட்டிலின் விளிம்பை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். டாக்டரம்மா அவர் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார்.

“எனக்கே மொட்டை போடப் பார்த்தீங்களேண்ணே.”

யாரும் சிரிக்கவில்லை.

“இந்த நுரையீரலோட உங்களைத் தூங்கவச்சா, திரும்ப எழுப்புவேன்னு என்னால சொல்ல முடியாது. முதல்ல தண்ணியை இறக்குவோம். அப்புறம் பார்த்துக்கலாம்.”

“அப்புறம்னா?”

“அப்புறம்தான். ஆனா வீட்டுக்கு அனுப்பமாட்டேன். இங்கேயே இருங்க.”

நரம்பு வழியாக மருந்து ஏறியது. சிறுநீராக நீர் இறங்கியது. குடிக்கும் தண்ணீரை அளந்து கொடுத்தார்கள். காலைதோறும் எடை பார்த்தார்கள். அவர் மனைவியிடம் பேசவில்லை. அவள் வந்தாள், டம்ளரைக் கழுவி வைத்தாள், ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவருக்குத் தன்மேல் கோபமா என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை. தான் செய்தது சரியா என்றும் நினைக்கவில்லை. அவர் தூங்கும்போது முதுகுக்குப் பின்னால் எத்தனை தலையணை இருக்கின்றன என்று மட்டும் பார்த்துக்கொண்டாள். நாற்காலிபோல் நிமிர்த்தியிருந்த கட்டில் சிறிது சிறிதாகத் தாழ்ந்தது. அவருடைய மார்பில் மழித்த முடி முள்முள்ளாக முளைத்தது.

டாக்டரம்மா மறுபடியும் கோப்புடன் வந்து நின்றார். முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தார்.

“எத்தனை தலையணைண்ணே?”

அவர் கூரையைப் பார்த்தார். “அவகிட்டயே கேளுங்க.”

“ரெண்டு” என்றாள் மனைவி. “நேத்து ராத்திரி இருமல் இல்லைங்க.”

அவள் முகத்தைப் பார்த்தபடியே டாக்டரம்மா எழுதிக்கொண்டார். “சரி, தண்ணி இறங்கிடுச்சு. நாளைக்குக் காலையில ஆபரேஷனுக்கு எடுத்துக்கலாம்.”

அவர் தலையாட்டினார். மனைவியும் தலையாட்டினாள். டாக்டரம்மா போனபின், அவர் மார்பைத் தடவிப் பார்த்துவிட்டு மழித்துவிடும் ஆளைக் கைகாட்டி அழைத்தார்.

“மெஷினை எடுத்துட்டு வா. இந்தத் தடவை ஓரம் விடாத.”

பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, “சாப்பிட்டியா?” என்றார்.

“இன்னும் இல்ல” என்றாள்.