சாடியில் போட்ட துளை

அக்கம்பக்கத்தில் யாராவது ட்ரில் பிடித்தால் எழுந்து ஜன்னலைச் சாத்திவிடுவேன். அந்தச் சத்தத்தோடு சுட்ட மண்தூளின் வாசனையும் வந்து நெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறது.

இரண்டு வருடத்துக்கு முந்திய வசந்தம், கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீடு. டேக்அவே கடை நடத்தி ஓய்ந்த பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர், மான்செஸ்டரில் மகளைப் பார்க்கப் போகுமுன் பெரிய மண்சாடி ஒன்றை அணைத்துத் தூக்கி வந்தார். "கூரை வேலை நடக்குது. வரும்வரைக்கும் உம்மட ஷெட்டில இருக்கட்டும்." வெறுஞ்சாடி. எதற்கென்று நான் கேட்கவில்லை.

என் கறிவேப்பிலைக்குத் தொட்டி போதாமல் வேர் முட்டிக்கொண்டிருந்தது.

"கேக்காமல் கை வைக்காதேங்கோப்பா," என்றாள் மனைவி.

"ஊறுகாய்ச் சாடிதானே. மனுசன் கண்டால் சந்தோசப்படும்."

தண்ணீர் வடிய அடியில் துளை போட்டு, மண் நிரப்பி நட்டேன்.

திரும்பி வந்தவர் குனிந்து துளையை விரலால் தடவினார். "நேராத்தான் போட்டிருக்கிறீர்," என்று சிரித்தார். பிறகு ஷெட் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அவர் குலத்தார் வடக்கிலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தென்சீனத்துக்கு இறங்கியவர்களாம். வயல்வெளியெல்லாம் முந்தி வந்த குலங்களுடையது. இவர்களுக்கு மலைச்சரிவு. இடம்பெயரும்போதெல்லாம் புதைத்த தகப்பனைத் தோண்டி, எலும்பைத் துடைத்து, கால் கீழே தலை மேலே, உட்கார்ந்திருப்பதுபோல் சாடியில் அடுக்கி, முதுகில் சுமந்து நடந்தார்கள். தகப்பனை இறக்கிய இடமே ஊர்.

"அப்பா வாங்கினது ரெண்டு சாடி. ஒண்டுக்குள்ள அவர் ஊர் மலையில இருக்கிறார். மற்றது இது. பக்கத்தில எனக்கு இடம் விட்டிருக்கு."

"சீமெந்தால அடைச்சுத் தாறன் ஐயா. இல்லாட்டிப் புதுசு வாங்குவம்."

இல்லையென்று தலையை ஆட்டினார். "துளைச் சாடியை எங்கட ஆக்கள் அங்க வைக்க விடமாட்டினம். புதுசு, அப்பா தந்ததாகாது."

அடுத்த மாதம் மகளோடேயே இருந்துவிட அவர் கிளம்பினார். சாடியை எடுக்கவில்லை. கார்க் கதவடியில் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உம்மட அப்பா எங்க இருக்கிறார்?" என்று கேட்டார்.

"தெரியாது ஐயா. நான் இங்க ஷிப்டில நிக்கேக்க, இடம்பெயர்ந்த வழியில செத்தவர். எங்க புதைச்சதெண்டு சொல்ல ஒருத்தரும் மிஞ்சேல்லை."

ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த மனிதர் தன் தகப்பனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பார். அவர் என்னைத் திட்டாமல் போனதுதான் இன்றும் தாங்க ஏலாமல் இருக்கிறது. என் தோளை மெல்லத் தட்டிவிட்டுக் காரில் ஏறினார்.

"அப்ப உமக்கு எப்பிடித் தெரிஞ்சிருக்கும்?"