பள்ளிக்கூடத்துக்குப் போன சூரன்

பட்டினி கிடக்கிற மனுசியிடம் பேயைப் பற்றிய கடிதத்தை நீட்டக்கூடாது. தொண்ணூறுகளில், ஸ்காபரோவில் நாங்கள் குடியிருந்த அந்த அப்பாட்மென்றில், என் எட்டு வயது மகளுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

கந்தசஷ்டி விரதத்தின் இரண்டாம் நாள், திங்கட்கிழமை. பகல் முழுக்கத் தண்ணீர், பொழுதுபட்டால் ஒரு கோப்பை பாலும் ஒரு வாழைப்பழமும். அந்த வயிற்றோடு பக்ரறியில் மெசினுக்கு முன்னால் எட்டு மணித்தியாலம் நின்றுவிட்டு வந்திருந்தேன். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, மகள் ஒரு செம்மஞ்சள் கடுதாசியை என் மூக்குக்கு நேரே பிடித்தாள். அதில் ஒரு பூசணிக்காய் பல்லைக் காட்டிச் சிரித்தது.

"வெள்ளிக்கிழமை ஹலோவீன் அம்மா. எல்லாரும் வேஷம் போட்டு ஜிம்முக்குள்ள ஊர்வலம் போறம். நீங்கள் சைன் வைக்கவேணும்."

"சஷ்டியும் அதுவுமாப் பேய் வேஷமோ? அது பள்ளிக்கூடமோ, இல்லைச் சுடுகாடோ?"

கடுதாசியின் அடியில் இரண்டு பெட்டிகள் இருந்தன. பிள்ளை பங்குபற்றும் என்று ஒன்று. பங்குபற்றாது, லைப்ரரியில் இருக்கும் என்று மற்றது. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடமான போன வருடமும் இதே பெட்டிகள் வந்தன. நான் இரண்டாவதில் கடுதாசி கிழியக் கிழியச் சரி போட்டு, சைவ சமயத்தையே தனியாளாகக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு அனுப்பியிருந்தேன். அவளும் அழாமல் போய் அழாமல் வந்தாள். அதனால் அது அத்தோடு முடிந்த விசயம் என்றுதான் நினைத்திருந்தேன்.

"இந்த முறை எனக்கு லைப்ரரியில இருக்கேலாது" என்றாள்.

"ஏன், லைப்ரரிக்கு என்ன குறை? நாலு புத்தகம் வாசிக்கலாம்தானே?"

"புத்தகம் வாசிக்கேல்லை. இலைப்படத்துக்குக் கலர் அடிக்கச் சொன்னவை. நானும் இன்னும் ரெண்டு பேரும். லைப்ரரிக்கும் ஜிம்முக்கும் ஒரே சுவர் அம்மா. நான் சுவரிலை காதை வைச்சுக் கேட்டனான். எல்லாற்றை சப்பாத்துச் சத்தமும் கேட்டது."

எனக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றால் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். அது என் பிறவிக் குணம். "உந்தக் கதையெல்லாம் என்னட்டை வேண்டாம்" என்று கத்திவிட்டுக் குசினிக்குள் போய், ஒன்றுக்கும் உதவாத ஒரு சட்டியை மினுக்கத் தொடங்கினேன்.

என் கணவர் மார்க்கம் ரோட்டில் ஒரு மரக்கறிக் கடையில் பெட்டி இறக்குகிறவர். உலகத்தில் எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் ஒரு சிரிப்பு இருக்கும். "இஞ்சரும், பிள்ளை ஒருநாள் பேயா வந்தா முருகன் கோவிச்சுக்கொண்டு மலையேறிப் போடுவாரோ? அவர் முந்தியே ஏறினவர்தானே" என்றார்.

"நீங்கள் வாயைத் திறக்காதேங்கோ. விரதகாலத்திலை கள்ளமா முட்டைப்பொரியல் திண்டிட்டு வந்து நிக்கிற ஆள்."

அவர் உடனே மீசையைத் துடைத்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஆனால் கடுதாசியின் பின்பக்கத்தை மகள் வாசித்துக் காட்டியபோது எனக்குப் புது உயிர் வந்தது. போன வருடம் சில பெற்றோர் முறைப்பாடு செய்தார்களாம். பொதுப் பள்ளிக்கூடத்தில் ஹலோவீன் கொண்டாடலாமா, கூடாதா என்று பேச நாளை பின்னேரம் கூட்டமாம். கருத்துள்ளவர்கள் வரலாமாம். கருத்தா? என்னிடம் கருத்து மூட்டை மூட்டையாக இருந்தது!

நேர் எதிர்க் கதவில் மன்னார்ப் பக்கத்து வேதக்கார அக்கா ஒருவர் இருந்தார். நான் போய்ச் சொன்னதுதான் தாமதம், அவர் என்னைவிடக் கொதித்தார். "வெள்ளி போய் விடிஞ்சால் எங்களுக்குச் சகல புனிதரின்ரை திருநாள். அடுத்த நாள் கல்லறைத் திருநாள், செத்த சனத்துக்கு மெழுகுதிரி கொளுத்தி மன்றாடுறம். இவையள் என்னெண்டால் செத்தவைக்கு வெள்ளைச் சீலை போர்த்தி இனிப்பு வாங்க அனுப்பீனம்! நானும் வாறன் பிள்ளை." இப்படியாகச் சைவமும் வேதமும் ஸ்காபரோவில் ஒன்றாகப் படை திரட்டின.

கூட்டம் முதலாம் வகுப்பு அறையில் நடந்தது. இருபது பெற்றோர் சின்னப் பிள்ளைகளின் கதிரைகளில், முழங்கால் நாடியில் முட்ட, மிக முக்கியமான முகங்களோடு உட்கார்ந்திருந்தோம். பள்ளிக்கூடத்தின் அதிபர் ஆறடி உயரம், மெல்லிய குரல். தாடி வைத்த ஒரு தகப்பன் எழும்பி, தன் கடவுளுக்கு இது பிடிக்காது என்றார். முன்வரிசையில் இருந்த ஒரு தாய், இது வெறும் விளையாட்டு, நானும் சின்ன வயதில் சூனியக்காரியாகப் போனவள்தான், எனக்கு என்ன வந்துவிட்டது என்று கேட்டாள். அவளைப் பார்த்தால் அவளுக்கு ஏதோ வந்துவிட்ட மாதிரித்தான் எனக்குத் தெரிந்தது. நான் எழும்பினேன். கதிரையும் என்னோடு சேர்ந்து எழும்பியது. அக்கா பின்னாலிருந்து அதைப் பிடுங்கி எடுத்தார்.

கடித உறையின் பின்பக்கத்தில் எழுதிக் கொண்டுபோயிருந்த ஆங்கிலத்தை ஒரே மூச்சில் வாசித்தேன். எங்களுக்கு இது புனிதமான கிழமை, நாங்கள் பட்டினி கிடக்கிறோம், இந்தக் கிழமையில் பிள்ளைகளுக்கு அரக்க வேஷம் போட்டு ஊர்வலம் விடுவது சரியே இல்லை. அக்கா கைதட்டினார். அவர் மட்டும்தான் தட்டினார், ஆனால் பத்துப் பேருடைய சத்தம் வந்தது.

அதிபர் பேசாமல் விட்டிருக்கலாம். விடவில்லை. "எனக்கு இது தெரியாது, மன்னிக்கவேண்டும். எதற்காகப் பட்டினி கிடக்கிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்டார்.

மரியாதையாகக் கேட்டால் நான் சொல்லாமல் இருப்பேனா? சூரன் என்று ஓர் அரக்கன், முருகன் அவனோடு சண்டை போடுகிறார் என்று தொடங்கினேன். கடைசி நாள் கோயிலில் ஆளைவிட உயரமான மரச்சூரன் வருவான் என்றேன். முதலில் யானைத் தலை. அதைக் கழற்றிச் சிங்கத் தலை. அதையும் கழற்றினால் மீசையோடு அவனுடைய சொந்தத் தலை. பிறகு மாமரமாக மாறுவான், மாமரத்தை வேலால் பிளந்தால் ஒரு பாதி சேவல், மறுபாதி மயில். சொல்லச் சொல்ல எனக்கு உருவே வந்துவிட்டது. கையை விரித்துச் சூரன் ஆடுகிற மாதிரி இரண்டு பக்கமும் ஆடிக்கூடக் காட்டினேன்.

"பிள்ளைகள் பயந்து கத்துவார்களா?" என்றார் அதிபர், கண் விரிய.

"கத்தாமல்? அதுக்குத்தானே போறது!"

முன்வரிசைத் தாய் மெதுவாகத் திரும்பினாள். "அப்படியானால், நீங்களும் இதே கிழமையில்தான் ஓர் அரக்கனுக்கு முகமூடி முகமூடியாக மாற்றி ஊர்வலம் விடுகிறீர்கள். பிள்ளைகள் சந்தோசமாகக் கத்துகிறார்கள். சரியா?"

அடுத்த கணம் தாடிக்காரர் உட்பட எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்று படித்ததெல்லாம் எனக்காகத்தான் போல. அக்கா என் சேலைத் தலைப்பை இழுத்து, "பிள்ளை, நீர் இப்ப எந்தப் பக்கம்?" என்று காதுக்குள் கேட்டார்.

எனக்கே தெரியவில்லை. முகம் எரிந்தது. இருந்துவிடலாம் என்று பார்த்தால் அந்தப் பாழாய்ப்போன சுவரும் சப்பாத்துச் சத்தமும் ஞாபகத்துக்கு வந்தன. உறையில் எழுதாத ஆங்கிலத்தில், இலக்கணத்தைப் பற்றிக் கவலைப்படாமல் சொன்னேன். "கொண்டாடுங்கோ, கொண்டாடாமல் விடுங்கோ. ஒரு பிள்ளையையும் லைப்ரரிக்கு அனுப்பாதேங்கோ. என்ரை மகள் போன வருசம் சுவரிலை காது வைச்சுத்தான் உங்கடை விழாவைக் கேட்டவள்."

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. அதிபர் குனிந்து எழுதினார். கடைசியில் முடிவு இப்படி வந்தது. வேஷம் போடலாம், அவரவர் வீட்டுக் கதையில் இருந்து எந்த வேஷமும் போடலாம். இரத்தம் கூடாது, ஆயுதம் கூடாது. வேஷம் போடாத பிள்ளைகளும் ஜிம்மிலேயே இருந்து மேளம் தட்டலாம். தாடிக்காரரும் ஒப்புக்கொண்டார், மேளத்துக்குத் தன் மகன் கெட்டிக்காரன் என்றார்.

வீட்டுக் கதவைத் திறக்க முன்னமே மகள் கதவடியில் நின்றாள். "லைப்ரரியோ அம்மா?"

"இல்லையடி குஞ்சு. சூரன்!"

சோபாவில் ஏறிக் குதித்தாள். கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடிக் காம்பால் முகட்டில் தட்டும் வரை குதித்தாள். நானும் கொஞ்சம் குதித்தேன் என்று அவள் இன்றைக்கும் சொல்வாள். விரதத்தில் வந்த தலைச்சுற்று அது, வேறொன்றுமில்லை.

கணவர் கடையிலிருந்து வாழைப்பழப் பெட்டிகள் கொண்டுவந்தார். அடுத்த இரண்டு பின்னேரமும் வீடு முழுக்கப் பசை. பழைய காலுறைக்குள் பேப்பர் அடைத்து யானைத் தும்பிக்கை. அக்காவின் பிரிந்துபோன சுவெற்றரால் சிங்கப் பிடரி. சூரனுடைய மீசையை நான் கறுப்பு மையால் கீறி முடித்தபோது கணவர் கிட்ட வந்து உற்றுப் பார்த்தார். "இஞ்சரும், உது நான்தானே!" என்றார். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மாமரத்துக்கு மாவிலை வேண்டுமே, ஸ்காபரோவில் எங்கே போவது? மகள் கார் நிறுத்துமிடத்தில் விழுந்து கிடந்த மேப்பிள் இலைகளைப் பை நிறையப் பொறுக்கி வந்தாள். உலகத்திலேயே சிவப்பு மாமரத்தில் ஒளிந்த முதல் சூரன் எங்களுடையவன்தான்.

வெள்ளிக்கிழமை விரதத்தின் ஆறாம் நாள். எச்சிலைக்கூட யோசித்து விழுங்குகிற நாள். நான் அரைநாள் லீவு போட்டேன். பெற்றோர் ஏதாவது சிற்றுண்டி கொண்டுவரலாம் என்றதால் அக்கா ஒரு பெரிய சட்டி நிறையத் தாளித்த கடலையோடு வந்தார். அந்த வாசனை என் விரதத்துக்கு எதிரான நேரடிச் சதி. ஜிம் வாசலில் அதிபர் தேனீ வேஷத்தில் நின்றார், ஆறடித் தேனீ, கறுப்பும் மஞ்சளுமாக.

மேளம் தொடங்கியது. தாடிக்காரரின் மகன் சும்மா சொல்லக்கூடாது, வெளுத்து வாங்கினான். பேய்களும் பூனைகளும் இளவரசிகளும் போக, நடுவில் என் சூரன் வந்தாள், யானைத் தலையோடு, இரண்டு பக்கமும் ஆடி ஆடி. பின்னால் என் கணவர் மற்றத் தலைகளையும் மரத்தையும் தூக்கிக்கொண்டு கோயில் ஐயர் மாதிரி அவ்வளவு பயபக்தியாக நடந்தார். சிங்கத் தலை ஏறியதும் பிள்ளைகள் வீரிட்டார்கள். மீசைத் தலை ஏறியதும் பள்ளிக்கூடமே அதிர்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போதுதான் எனக்குச் சட்டென்று உறைத்தது.

முருகன் எங்கே?

மூன்று தலை செய்தோம், மரம் செய்தோம், மீசைக்குக்கூட மை தேடினோம். ஆறு நாளாக முருகனுக்காகப் பட்டினி கிடந்த நான், முருகனை மறந்தே போனேன்! சூரன் இரண்டாவது சுற்றும் தொடங்கிவிட்டான், கேட்பார் இல்லாமல், மீசை மேல்நோக்க. சூரன்போர் அன்றைக்குச் சூரன் வென்றுவிட்டு வீட்டுக்குப் போனால் அந்தப் பாவத்தை நான் எங்கே கொண்டுபோய்த் தொலைப்பேன்?

அக்காவும் கவனித்துவிட்டார். "பிள்ளை, உங்கடை ஆள் இன்னும் வரேல்லையோ?"

"ஐயோ அக்கா, மறந்துபோனம்! வேலும் இல்லை. இருந்தாலும் விடமாட்டினம், ஆயுதமெல்லோ!"

அக்கா ஒரு விநாடி யோசித்தார். கடலைச் சட்டியில் இருந்த நீளக் காம்புக் கரண்டியை உருவினார், தட்டையான, இலை மாதிரியான கரண்டி. கடுதாசியால் துடைத்து என் கையில் திணித்தார். "இது ஆயுதமில்லை, கரண்டி. ஆர் கேக்கிறது? போம், ஓடும்!"

ஓடினேன். சேலைக்கு மேலே குளிர் ஜக்கெற், காலில் பக்ரறிச் சப்பாத்து, கையில் கடலைக் கரண்டி. ஜிம்மின் நடுவில் சூரனை மறித்து நின்றேன். மீசைக்கு மேலே இருந்த ஓட்டைகளில் இரண்டு கண்கள் உருண்டன.

"அம்மா! என்ன செய்யிறீங்கள்?"

"கதையாதை. மரமாகு!"

என் பிள்ளை அல்லவா! உடனே தகப்பனின் கையிலிருந்து மேப்பிள் மரத்தைப் பறித்து முன்னால் பிடித்தாள். கரண்டியை ஓங்கி இறக்கினேன். பெட்டி மட்டையில் செய்த மரம் இரண்டாகப் பிரிந்தது, இலையெல்லாம் பறந்தது, மகள் மீசைத் தலையைக் கழற்ற, உள்ளேயிருந்து சிவப்புக் கையுறையைத் தலைமுடியில் கொண்டையாகக் குத்தியிருந்த சேவல் "கொக்கரக்கோ!" என்று கூவியது. "என்ன கத்தவேண்டும்?" என்று தேனீ தூரத்தில் நின்று கேட்டது. "அரோகரா!" என்றேன். பள்ளிக்கூடம் முழுக்க, பேயும் பூனையும் இளவரசியும், "அரோகரா!" என்று கூரை கிழியக் கத்தியது. எல்லோரையும் விட உரத்துக் கத்தியவர் அக்காதான். கத்தி முடித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று சிலுவை போட்டுக்கொண்டார்.

ஊர்வலம் வகுப்புகளுக்குத் திரும்பத் தாழ்வாரத்துக்குள் இறங்கியது. மகள் மீசைத் தலையை மறுபடியும் மாட்டிக்கொண்டு, வரிசையை விட்டு விலகித் தனியாக ஓடினாள். நான் அவள் மானத்தை வாங்கிவிட்டேன், கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்துக் கரண்டியோடு பின்னால் ஓடினேன். அவள் லைப்ரரிக் கதவடியில் நின்றாள். நுனிக்காலில் எம்பி, வாழைப்பழப் பெட்டி முகத்தைக் கண்ணாடியில் அழுத்தி, உள்ளே நெடுநேரம் பார்த்தாள். உள்ளே விளக்கு அணைந்திருந்தது. சின்னக் கதிரைகள் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தன.

"உள்ளுக்கு ஒருத்தரும் இல்லை அம்மா" என்றாள், மீசைக்குள்ளிருந்து.

அவளுக்குப் பக்கத்தில் குனிந்து நானும் பார்த்தேன். இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. "ஓம் குஞ்சு, ஒருத்தரும் இல்லை" என்றேன். அவள் தலையைச் சரியாக்கிக்கொண்டு, தடதடவென்று மற்றவர்களின் சப்பாத்துச் சத்தத்துக்குள் ஓடிப்போனாள்.