எழுப்பிவிடு வேலவா, அது போதும்

என் மகள் யாழினிக்கு அஸ்ஸாமில் இன்ஜினியரிங் சீட் கிடைத்த ஆடி மாதம், திருச்செங்கோட்டில் எங்கள் வீட்டில் சிரிக்காதவள் நான் ஒருத்திதான். நிலநடுக்கம் கடுமையாக வரக்கூடிய பகுதி அது என்று எப்போதோ படித்திருந்தேன். சில சமயம் படிக்கிற பழக்கமே தொந்தரவு. பிள்ளையை எப்படி அனுப்புவது? சோறு இறங்கவில்லை.

என் கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் டிரில்லர். "ஏம்புள்ள, ரிக்காரன் ஊட்டுப் புள்ளைக்கு பூமி ஆடறது ஒரு பயமா? நாமதான் பூமியவே ஆட்டறவங்க" என்றார்.

நான் விடவில்லை, வீட்டிலேயே ஒத்திகை வைத்தேன். அந்த ஆடியை நினைத்தால் இன்றும் இனிக்கிறது. நான் கை தட்டினால் அவள் சாப்பாட்டு மேசைக்கடியில் புகுந்து, தலையை மறைத்து, மேசைக்காலை இறுகப் பிடிக்க வேண்டும். ஆட்டம் நிற்கும்வரை ஓடக்கூடாது. தட்டோடு புகுவாள். "அம்மா, சீக்கிரம் நிறுத்துங்க, தோச ஆறுது" என்று அடியிலிருந்து குரல் வரும். டார்ச், விசில், தண்ணீர், மருந்து எல்லாம் ஒரே பையில். தலைமாட்டுக்கு மேல் கனமான எதுவும் கூடாது. கட்டிலருகே ஷூ, உடைந்த கண்ணாடியில் வெறுங்காலோடு நடக்க முடியாதே. ஆளாளுக்கு அவளை அழைத்து லைனை அடைக்கக் கூடாது என்பதற்காக, ஓமலூரில் இருக்கும் அவள் அத்தைக்கு மட்டும் அவள் செய்தி அனுப்புவது, நாங்கள் அத்தையிடம் கேட்டுக்கொள்வது என்று பேசிக்கொண்டோம்.

ஆவணி பிறந்தது. ஒரு மத்தியானம் பின்வீட்டில் போர் போட்டார்கள். அலமாரியில் டம்ளர்கள் கலகலத்தன. உள்ளே போய்ப் பார்த்தேன். கட்டில் அதிர்கிறது, யாழினி அயர்ந்து தூங்குகிறாள்.

தொட்டில் பிள்ளையாக இருந்தபோதே அப்படித்தான். மழைக்காலத்துக்கு ஊர் திரும்பும் ரிக்கைப் பக்கத்துப் பட்டறையில் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். அந்தச் சத்தத்தில் தூங்குவாள், நின்றால் அழுவாள். அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறோம். அன்றுதான் எனக்கு உறைத்தது. நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் விழித்திருப்பவளுக்கு. தூங்குகிறவளுக்கு என்ன வழி?

ஆவணிக் கிருத்திகையன்று மலையேறிச் செங்கோட்டு வேலவர் முன் நின்றேன். பெரிதாக எதுவும் கேட்க வரவில்லை. "எழுப்பி மட்டும் விடு, சாமி. மத்தத அவ பாத்துக்குவா" என்றேன். அழுதுகொண்டே இறங்கினேன்.

ஹாஸ்டலுக்குப் போன முதல் வாரமே மகள் போனில் பொரிந்தாள். "அம்மா, எனக்கு வாய்ச்ச ரூம்மேட்ட பாருங்க! ஜுனாலின்னு இந்த ஊருப் புள்ள. நான் பொரண்டு படுத்தாக்கூட எந்திரிச்சுக்கறா. ரூம மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கறேன்." அறை மாறவில்லை. வேறு இடம் இல்லை என்றார்களாம். எனக்கும் வருத்தம்தான். அவளுக்கு ஒரு நல்ல துணைகூட அமையவில்லையே என்று வேலவரிடம் குறைபட்டுக்கொண்டேன்.

மாசி மாதத்தில் ஒரு காலை. டிவியில் அஸ்ஸாமில் நிலநடுக்கம் என்று ஓடியது. பேசி வைத்ததை மறந்து அவளுக்கே போன் போட்டேன். கிடைக்கவில்லை. பூமியை ஆட்டுகிறவர் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். "ஓமலூருக்குப் போடு புள்ள, ஓமலூருக்கு" என்று அவர்தான் நினைவூட்டினார். நான் போடுவதற்குள் நாத்தனாரே கூப்பிட்டாள். "அண்ணி, செய்தி வந்துருச்சுங்க. நல்லா இருக்கறாளாம். எல்லாரும் வெளிய நிக்கறாங்களாம்." 

சாயங்காலம் மகள் பேசினாள். "ஜுனாலி என் காலப் புடிச்சு இழுத்தாம்மா. பக்கத்துல எவனோ போர் போடறான், படுடின்னு தமிழ்லயே திட்டிட்டுத் திரும்பிப் படுத்துட்டேன். அவ உடவேயில்ல. மேசைக்கடியில தள்ளிட்டுத்தான் அவளும் வந்தா." பிறகு சொன்னாள், "மேல பூச்சு பேந்து என் தலகாணி மேல விழுந்து கெடந்துச்சும்மா."

நான் கேட்டதை வேலவர் முதல் வாரமே கொடுத்திருந்தார். எனக்குத்தான் தெரியவில்லை.

மகள் படிப்பை முடித்து இப்போது வேலைக்குப் போகிறாள். நான் மாறிவிட்டேன். செய்யக்கூடியதைச் செய்துவிட்டு, கைக்கு எட்டாததை மட்டும் வேலவரிடம் வைக்கிறேன். அவர் கொடுப்பது பிடிக்காவிட்டால் உடனே முகம் சுளிப்பதில்லை. பிள்ளையைத் தூர தேசம் அனுப்பிவிட்டுக் கலங்கும் தாய்மார்களே, பையையும் கட்டிக் கொடுங்கள். மீதியை அவரிடம் சொல்லுங்கள்.

கிருத்திகைதோறும் அர்ச்சனைத் தட்டோடு போகிறேன். அந்த மாசி முடிந்து முதல் முறை போனபோது குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டார்.

"ஜுனாலிங்க. நட்சத்திரந் தெரியாதுங்க, சாமி."

"சொந்தமா?"

"எம்புள்ளைய எழுப்பிவிட்ட புள்ளைங்க."

"நட்சத்திரம் தெரியாட்டி சுவாமி பேருக்கே பண்ணிடலாமே."

"இல்லீங்க. அவ பேரச் சொல்லோணுங்க."

தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தப் பெயரை வேலவரின் காதில் விழும்படி உரக்கச் சொன்னார்.