பூட்டிக் கிடந்த ஸ்டீயரிங்

ஹெனோவேவாவை எங்கள் ஆப்பிள் தோட்டங்களில் யாரும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் தோன்யா வேவா, அதாவது வேவா அம்மா. பத்தொன்பது வயதில் பழம் பறிக்க வந்தவள், ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு கெட்டபின், பறிப்பவர்களுக்குச் சாப்பாடு விற்கத் தொடங்கினாள். காலை ஏழு மணிக்கு அவளுடைய பச்சை பிக்கப் வண்டி தடதடவென்று வரும். பின்னால் துணி சுற்றிய பெட்டிகளில் சூடான புரித்தோ ரொட்டிச் சுருள்கள்: அரைத்த பீன்ஸ் வைத்தது, சிவப்பு மிளகாயில் வெந்த இறைச்சி வைத்தது. முப்பத்தெட்டு வயதில்தான் வண்டி ஓட்டக் கற்றாள். அதுவும் தானாகவே, மோதுவதற்கு ஒன்றுமில்லாத அறுத்த சோளக் காட்டில்.

அந்த ஆண்டு பறிப்பு தொடங்கிய வாரத்தில் ஸ்டீயரிங் அவள் மடியில் விழுந்தது. பல மாதமாக ஆடிக்கொண்டிருந்த ஸ்டீயரிங் தண்டு, வாய்க்கால் மேட்டில் வண்டி ஏறி இறங்கியதும் கழுத்தருகே பிளந்து சரிந்துவிட்டது. மெதுவாகப் போனதால் தப்பினாள். மறுநாள் தள்ளுவண்டியோடு நடந்து வந்தாள். ஆனால் மேட்டுத் தோட்டங்கள் வரை அந்த இடுப்பை வைத்துக்கொண்டு ஏற முடியவில்லை. அங்கிருந்தவர்கள் மதியம் வரை வெறும் வயிற்றோடு பறித்தார்கள்.

பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இலாரியோவிடம் போனாள்.

"ஸ்டீயரிங் தண்டு ஒண்ணு இருக்கு தோன்யா. உங்க வண்டி மாடலேதான். ஆனா பூட்டிக் கிடக்கு, சாவி இல்ல."

"சாவி இல்லாதத எதுக்கு விக்கிறீங்க?"

"நான் எங்க விக்கிறேன்? நீங்கதானே வந்து கேக்குறீங்க!"

பூட்டைத் திருப்பாமல் அந்தத் தண்டைப் பிரிக்க முடியாது. பூட்டை உடைத்தால் தண்டின் வெளிக்கூடும் சேர்ந்து உடையும். அது யாருடைய வண்டியில் இருந்தது என்று கேட்டாள். பௌதேலியோவுடையது என்றான் இலாரியோ.

எங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். இரண்டு குளிர்காலத்துக்கு முன், மலைப்பாதையில் பௌதேலியோவின் வண்டி உருண்டது. பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கியபடியே, பெட்ரோல் வாடைக்குப் பயந்து எஞ்சினை அணைத்து, சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் பனியில் கிடந்தவர். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் அதன்பின் எந்த ஸ்டீயரிங்கையும் அவர் தொடவில்லை. எங்கே போவதென்றாலும் நடைதான்.

வேவா அவர் வீட்டு வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னாள்.

"சாவி இருக்கு. தர முடியாது."

"அத வச்சு நீங்க என்னத்தத் திறக்கப் போறீங்க?"

பௌதேலியோ வாசற்படியில் உட்கார்ந்தார். "அந்தத் தண்டு உள்ள நாலு போல்ட்டு லூசா இருந்துச்சும்மா. நாளைக்குப் பாத்துக்கலாம், நாளைக்குப் பாத்துக்கலாம்னு தள்ளிப் போட்டேன். வண்டி ஐஸ்ல வழுக்குச்சா, இது கைவிட்டுச்சா, இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. அத மாட்டிக்கிட்டு நீங்க மலை ஏற வேணாம்."

"அப்ப வந்து நீங்களே இறுக்கிக் குடுங்க. தள்ளிப் போட்ட வேலைதானே?"

அவருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் சாவியையும் ஸ்பேனர் பையையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

இலாரியோவிடமிருந்து வாங்கி வந்த தண்டை வேவா வீட்டில் ரொட்டி தேய்க்கும் மேசையில் கிடத்தினார்கள். சாவி திரும்பியது. ஸ்டீயரிங் வட்டைக் கழற்றி, பூட்டையும் சிக்னல் சுவிட்சையும் எடுத்து, பக்கவாட்டு ஊசிகளை உருவியபின் உள்ளே அந்த நாலு போல்ட்டுகள் தெரிந்தன. எல்லாமே கையாலேயே திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. பௌதேலியோவின் முகம் வெளுத்தது.

வேவா குனிந்து நடுவில் ஓடிய இரும்பு அச்சைப் பிடித்துத் திருப்பினாள். மறுமுனையும் கூடவே திரும்பியது. மறுபடி திருப்பினாள்.

"இது ஆடியிருக்கு. ஆனா திரும்புறத விடலயே? இங்க பாருங்க."

அவர் தானும் திருப்பினார். மேலே, கீழே, இடம், வலம் என்று அரை மணி நேரம் விதவிதமாகத் திருப்பிப் பார்த்தார். அச்சு எங்கும் நழுவவில்லை.

"அப்போ ஐஸ்தான்," என்றார். துணியைக் கையில் எடுத்தார். "ஐஸ்தாம்மா."

ஒவ்வொரு போல்ட்டாகத் துடைத்து, கழலாமலிருக்கப் பசை தடவி இறுக்கினார். பேரிங்குக்குக் கிரீஸ் வைத்தார். சாயங்காலம் தண்டை வேவாவின் வண்டியில் மாட்டினார்கள். வேவா வட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தாள். அசையவில்லை.

மறுநாள் விடிகாலை பெட்டிகளை ஏற்றிவிட்டு, அவரை வரச்சொல்லி, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்துவிட்டாள்.

"இறுக்குனவரே ஓட்டலன்னா நான் எந்த நம்பிக்கையில ஓட்டுறது?"

"நான் ஓட்டுனா புரித்தோ மதியத்துக்குத்தான் போய்ச் சேரும்."

"சேரட்டும். சேந்தாப் போதும்."

மேட்டுத் தோட்டத்தில் நாங்கள் அந்த வண்டி வருவதைப் பார்த்தோம். நடப்பவன் முந்திக்கொண்டு போகும் வேகம்.

"என்ன தோன்யா, மாட்டுவண்டி வாங்கிட்டீங்களா?" என்று ஒருவன் கத்தினான்.

"புது டிரைவர்டா! கேலி பண்றவனுக்கு இறைச்சி கிடையாது, பீன்ஸ்தான்!"

பௌதேலியோ சட்டை முழுக்க வியர்வையோடு இறங்கி, வண்டியின் பக்கப்பலகையில் உட்கார்ந்தார். யாரோ காப்பி கொடுத்தார்கள். குடித்துவிட்டு, இறக்கத்திலும் தானே ஓட்டுவதாகச் சொன்னார். பறிப்பு முடியும்வரை வாரம் இரண்டு நாள் அவர்தான் ஓட்டி வந்தார். மற்ற நாட்களில் வேவா ஓட்டினாள், எப்போதும்போல வேகமாக.