அண்ணனின் புருவம்

நசரத்பேட்டை அருகே நெடுஞ்சாலையில் லாரி மோதி என் அண்ணன் செத்துப்போனான். கண்ணீர் அஞ்சலி பேனர் வாங்கப் போனால், கடைக்காரர் அவன் முகத்தை மொழுமொழுவென்று வெளுப்பாக்கி, கோட்டும் மாட்டிவிட்டிருந்தார். இடப் புருவத்தை இரண்டாகப் பிளந்திருந்த தழும்பைக் காணவில்லை.

"தழும்பெல்லாம் எட்த்துட்டேன்க்கா. இப்போ சோக்கா கீறாரு பாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவுக்கு எதற்கு ஒப்பனை? ஆனால் மாற்றி அடிக்க நேரமில்லை. தெருமுனையில் அதையே கட்டினார்கள். அம்மா அதை வெறித்துப் பார்த்தாளே தவிர, அழவில்லை.

கருமாதி முடிந்ததும் தூரிகையைக் கறுப்பு மையில் தோய்த்தேன். நான் பழகும் மை ஓவியப் பாணியில் ஒரு முகத்துக்கு நாலைந்து கோடுகள்தான். பிசகினால் திருத்தக் கூடாது. அந்தப் பிசகுதான் அதற்கு அழகு என்பார்கள். புருவத்தை இழுக்கும்போது கை பிசகி, நடுவில் தூரிகை தாளைவிட்டு எழும்பியது. புருவம் இரண்டாக நின்றது. அண்ணனேதான்.

அம்மாவிடம் நீட்டினேன். அந்த இடைவெளியை விரலால் தொட்டாள். அவள் வாய் கோணியது.

"இத்த எட்த்துகினு போயிடு," என்றாள். "பேனர்ல கீறவன் யாரோ. அவன்தான் செத்தான்னு நெனச்சிகினு கீறேன்."