கனமான மவுஸ்

பழைய மவுஸைக் கெடுத்தது நான் இல்லை. இத்தனை வருடம் கழித்தும் எங்கள் வீட்டில் இதை நம்புகிறவர் யாருமில்லை. நான் கேம் விளையாடியே அதைத் தேய்த்துவிட்டேனாம். அக்கா பகல் முழுக்க அதைத் தட்டித் தட்டி வேலை பார்த்தது யார் கண்ணிலும் படவில்லை. கடைக்குட்டியாகப் பிறந்துவிட்டால் வீட்டில் எது உடைந்தாலும் பழி நம் தலையில்தான் விழும்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. தாராவியில் ஒற்றை அறை வீடு. எம்ப்ராய்டரி பட்டறைக்கு வேண்டிய பூ டிசைன்களை அக்கா வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மவுஸ் கெட்டதும் ஒரு தட்டு தட்டினால் இரண்டு தட்டாக விழுந்தது. ஒரே இடத்தில் தையல் இரண்டு முறை ஏறி, நூல் சிக்கி, பட்டறையில் மெஷின் ஊசி உடைந்தது. இன்னொரு ஊசி உடைந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகப் பட்டறை முதலாளி சேட் சொல்லிவிட்டார்.

புது மவுஸ் வாங்க மாமாவை அனுப்பினார்கள். அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். பிளாஸ்டிக் பிரிக்கும் கிடங்கில் வேலை. நகத்தால் சுண்டிச் சத்தத்தைக் கேட்டும், துண்டைக் கொளுத்தி மோந்தும் அது என்ன பிளாஸ்டிக் என்று சொல்லிவிடுவார். பள்ளியில் கம்ப்யூட்டர் படிக்கிறவள் என்பதால் நானும் கூடப் போனேன். மாட்டிப் பார்த்து வாங்கி வரும்படி அக்கா என்னிடம்தான் சொன்னாள்.

மாட்டுங்காவில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் மூன்று மவுஸ்களை எடுத்து வைத்தார்கள். இரண்டு தட்டு விழுந்தால்தான் ஃபோல்டர் திறக்கும். அதன் மேல் ஒரே ஒரு தடவை தட்ட வேண்டும். திறந்துகொண்டால் மவுஸ் மோசம். இவ்வளவுதான் சோதனை. நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் மாமா இருப்பதிலேயே கனமானதை எடுத்துச் சுண்ட ஆரம்பித்துவிட்டார். காதோரம் வைத்துக் கேட்டார். உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார். தீப்பெட்டியை எடுத்தபோதுதான் கடைக்காரர் பதறிப்போய் மவுஸைப் பிடுங்கினார்.

"ஏபிஎஸ் பிளாஸ்டிக்கு. ஏக் நம்பர் மாலு" என்றார் மாமா, முதல் தரச் சரக்கு என்று.

"மாமா, அது மேல் ஓடுதான? மாட்டிப் பாருங்க. அந்தச் சின்னதையும் மாட்டிப் பாப்போம்."

"சும்மா கெட பிள்ள. பிளாஸ்டிக்க பத்தி எனக்கே சொல்லித் தாரியா?"

கடைக்காரர் சிரித்தார். மவுஸ் வாங்கப் போன இடத்தில் மவுஸைப் பற்றிப் பேசியது நான் ஒருத்திதான். வாயை மூடச் சொன்னதும் என்னைத்தான். மாமா அந்தக் கனமானதையே வாங்கினார். வீடு வரும்வரை நான் அவரோடு பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து, அக்கா எழுந்துபோன நேரத்தில் ஃபோல்டரை ஒரு தடவை தட்டினேன். திறந்துகொண்டது. விடுவேனா? எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரமாகப் பார்த்து மவுஸின் திருகைக் கழற்றினேன். கனம் காட்டுவதற்காக உள்ளே ஓர் இரும்புத் துண்டை ஒட்டி வைத்திருந்தார்கள்.

"பாத்தீங்களா ஒங்க ஏக் நம்பர் மால! இரும்பு!" என்று சந்துக்கே கேட்கும்படி கத்தினேன். அப்பா சிரித்துவிட்டார்.

மாமா தட்டில் வைத்த கையை எடுக்கவில்லை. "பிளாஸ்டிக்கு நல்ல பிளாஸ்டிக்குதாம்" என்றார். அதற்கு நான் இன்னும் சத்தமாகச் சிரித்தேன்.

அக்கா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். "எனக்கு மொத நாளே தெரியும்ட்டி. வாய மூடு" என்று காதுக்குள் சீறினாள். என்ன அநியாயம் இது! போகவிருந்தது அவள் வேலை. இரண்டு நாளாக ஒவ்வொரு தையலையும் அழித்து அழித்துப் போட்டவள் அவள். உண்மையைச் சொன்ன எனக்குக் கிள்ளா?

மறுநாள் மாமா நான் சொன்ன அந்தச் சின்ன மவுஸை வாங்கி வந்தார். அக்காவிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினார். "நீயே பாத்துச் சொல்லு" என்றார். தட்டினேன். ஃபோல்டர் திறக்கவில்லை. பாஸ் என்றேன். அக்காவின் வேலை தப்பியது.

அடுத்த வாரம் அம்மா ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கி வரச் சொன்னாள். மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கடையில் எந்த வாளியையும் சுண்டவில்லை, தூக்கிப் பார்க்கவில்லை. "எது நல்லதுன்னு நீ சொல்லு பிள்ள" என்று சற்றுத் தள்ளி நின்றுகொண்டார். பிளாஸ்டிக்கைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. நிறம் பிடித்திருந்ததால் ஒரு சிவப்பு வாளியைக் காட்டினேன். மாமா மறுபேச்சில்லாமல் அதையே வாங்கிக்கொண்டார். ஒருவழியாக என் அருமை இவருக்குப் புரிந்ததே என்று, அவருக்கு முன்னால் பெருமையாக நடந்து வந்தேன்.