ஆஸ்பத்திரிக் கை

தேயிலை எஸ்டேட்டில் நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயமே ஸ்வெட்டருக்குள் ஒடுங்கிக் கிடக்கும் காலைக் குளிரிலும் என் உள்ளங்கை சொட்டும். கசிவு இல்லை, சொட்டு. யாராவது தொட்டுவிட்டால், "இப்பதான் பாத்திரம் கழுவுனேன்" என்று சொல்லிவிடுவேன். இப்படிப் பொய் சொல்லியே லயத்தில் சுத்தக்காரி என்று பெயர் வாங்கியவள் நான். தேயிலைக் காட்டில் கவலை இல்லை. பனியிலும் மழையிலும் அங்கே எல்லோர் கையும் ஈரம்தான். அம்மா அதை உடம்புச் சூடு என்று முடிவுகட்டி, அந்தக் குளிரில் வாரா வாரம் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்தாள். தடுமன் பிடித்ததுதான் மிச்சம்.

எண்பதுகளின் கடைசியில் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. பள்ளிக்கு ரோட்டைக் கடக்க வேண்டும். மலைமேல் கம்போங் ராஜா ஊர்த் தோட்டங்களிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிய லோரிகள் அந்த வளைவில் வேகம் குறைக்காமல் இறங்கும். ஒருநாள் ஹார்ன் சத்தம் கேட்டு அவளை இழுத்தேன். என் கை மட்டும்தான் வந்தது. வழுக்கி நழுவிய பிள்ளை நடுரோட்டில் நின்றாள். லோரிக்காரன் எப்படி நிறுத்தினானோ, தலையை வெளியே நீட்டி வாய்க்கு வந்தபடி திட்டினான். திட்டட்டும் என்றுதான் இருந்தது எனக்கு.

மகள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "ஒன் கை வழுக்குதும்மா" என்றாள். அதன்பிறகு என் கையைப் பிடிக்கவே மாட்டாள். மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தால் வலிக்கிறது என்று அழுவாள். என் ஸ்வெட்டர் நுனியைத்தான் பிடித்துக்கொண்டு வருவாள். ஸ்வெட்டர் நுனி ஒரு பிள்ளையைக் காப்பாற்றுமா?

எஸ்டேட் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் டிரசர், ஈப்போ டவுன் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே சீன டாக்டர் மலாயில் சொன்னதைத் தமிழ் நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி எனக்கு விளக்கினாள்.

"முந்தியெல்லாம் நெஞ்ச தொறப்பாங்கக்கா. இப்ப அக்குளுக்குக் கீழ சின்ன ஓட்டதான். கொழாய விட்டு உள்ள பாத்துக்கிட்டே வேர்வ நரம்ப சுட்டுடுவாரு. அதுவரைக்கும் அந்தப் பக்கத்து நுரையீரல சுருக்கி வைப்பாங்க. மொத வலது கை. சரியா வந்தா அப்புறம் இடது."

சிலருக்குக் கண் இமை லேசாகத் தொங்கலாம் என்றும் சொன்னாள்.

ஓட்டை சின்னது, சரி. என் நுரையீரலும் சின்னதா? சுருங்கியது திரும்ப விரியாவிட்டால்? கை காய்ந்து கண் தொங்கிவிட்டால்? நான் எழுந்திருக்காமலே போனால் பிள்ளையை யார் ரோட்டைக் கடத்திவிடுவார்? என் வீட்டுக்காரருக்கு லோரி வருவதே அது போன பிறகுதான் தெரியும்.

ஆபரேசன் அன்று காலை அவர் கட்டிலருகே வந்து, "கை வேர்க்கிறதுக்கா ஆபரேசன்னு லயத்துல கேக்குறாங்க லா. பேசாம வீட்டுக்குப் போயிடலாமா?" என்றார்.

"கேக்குறவங்கள அந்த வளைவுல வந்து நிக்கச் சொல்லுங்க" என்றேன். உள்ளுக்குள் எனக்கும் ஓடிவிடத்தான் ஆசை. தள்ளிக்கொண்டு போகும்போது கட்டில் கம்பியைப் பிடித்தேன். அதிலும் கை வழுக்கியது.

விழித்தபோது இருமினால் உயிர் போகிற வலி. முதலில் கண்ணைத்தான் தொட்டுப் பார்த்தேன். தொங்கவில்லை. பிறகுதான் தொட்ட கை மனதில் உறைத்தது. காய்ந்து, வெதுவெதுப்பாக, வேறு யாருடைய கையோ மாதிரி இருந்தது. வலியோடு வலியாக அழுதேன்.

தையல் ஆறி மகளை மறுபடி பள்ளிக்குக் கூட்டிப்போன முதல் காலை, ரோட்டோரத்தில் வலது கையைப் பெருமையாக நீட்டினேன். ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பின்னால் போனாள்.

"இது ஆஸ்பத்திரி கைம்மா."

"காஞ்சிருக்கு பாரு. இனிமே வழுக்காது."

"வேணாம்."

வளைவில் ஹார்ன் கேட்டது. நெஞ்சில் ஓட்டை போட்டு வாங்கி வந்த கை சும்மா நீண்டுகொண்டிருந்தது. அவள் என்னைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்து, சொட்டிக்கொண்டிருந்த இடது கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள்.

"அது வழுக்குமே பாப்பா."

"நான் கெட்டியா புடிச்சுக்கிறேம்மா. நீ பயப்படாத."

லோரி எங்களைத் தாண்டிப் போனது. இடது கைக்கு ஈப்போவில் தேதி குறித்துக் கொடுத்திருந்தார்கள். நான் போகவில்லை.